பதிப்புக்கு ஏற்ற கையேடு

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை வாயிலைவிட்டு வெளியே வந்தால் எதிரே நீண்டு செல்வது சாலைக் கம்போளம். அரிசியும் மிளகும் பித்தளைப் பாத்திரங்களும் விற்கும் அக்கடைத்தெருவில் மலையாளத்தோடு தமிழும் தாராளமாகக் காதில் விழும். தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் தாய்மொழியில் கற்பதற்கென அப்பகுதியிலேயே அரசினர் தமிழ்ப் பள்ளி ஒன்றும் உள்ளது. கேரளத்தில் கணிப்பொறிக் கல்வி பள்ளிப் பாடங்களுள் ஒன்று. அதற்குரிய பாடநூல் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வெளிவருவதோடு, மொழிச் சிறுபான்மையினரின் பொருட்டுத் தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடப்படுகிறது.

இந்நூல் ஏனைய பாடநூல்களினின்றும் ஒரு முக்கியமான விஷயத்தில் வேறுபட்டது. தாவர நூலில் செம்பருத்திப் பூவின் படத்தை அச்சிட்டால், பத்து ஆண்டுகள் கழித்து அதைத் திறக்கும் மாணவனும் வேலியோரத்தில் அதே பூவைக் காண்பான். கணிப்பொறி நூலில் அச்சிடப்படும் படமோ கணிப்பொறித் திரையின் படம். திரையில் காண்பது மென்பொருளின் தோற்றம். மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டால் நூலில் உள்ள படமும், “இந்தப் பொத்தானை அழுத்துக” என்னும் வாக்கியமும் பொய்யாகிவிடக் கூடும். நூலை எழுதியவர் தவறு செய்யவில்லை. படிப்பவரும் தவறு செய்யவில்லை. எனினும் கை விரல் தேடும் இடத்தில் பொத்தான் இல்லை.

மென்பொருளைப் பற்றிய கையேடுகள், விளக்க நூல்கள், உதவிப் பக்கங்கள் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வரும் பதிப்புகளுக்கு ஏற்றபடி எவ்வாறு பேணி வருவது என்பதே இக்கட்டுரையின் பொருள். கேட்பதற்கு இஃது அச்சகத்தாரின் கவலைபோலத் தோன்றலாம். உண்மையில் மென்பொருள் தொழிலில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் பணிகளுள் இதுவும் ஒன்று என்பது எமது அபிப்பிராயம்.

பதிப்பு எண் யாது கூறுகிறது?

மென்பொருள் ஒருமுறை செய்து முடிக்கப்படும் பண்டம் அன்று. பிழைகளைத் திருத்தவும், பாதுகாப்பிலுள்ள ஓட்டைகளை அடைக்கவும், புதிய வசதிகளைச் சேர்க்கவும் அது இடையறாது மாற்றி எழுதப்படுகிறது. அவ்வாறு மாறிய வடிவம் ஒவ்வொன்றும் வெளியிடப்படும்போது அதற்கு ஓர் எண் இடப்படுகிறது. எண்ணிடும் முறைகள் பலவகை. உபுண்டு என்னும் இயங்குதளம் ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து எண்ணிடுகிறது, 18.04 என்றால் 2018 ஏப்ரலில் வெளிவந்தது என்று பொருள். வேறு சில மென்பொருள்களில் எண் வெறும் வரிசையே. படம் வரைவதற்கும் திருத்துவதற்கும் பயன்படும் ஜிம்ப் என்னும் மென்பொருளில் 2.8க்குப் பின் வந்தது 2.10. இதைத் தசம எண்ணாகக் கருதி, 2.10 என்பது 2.8ஐவிடப் பழையது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. இங்குப் புள்ளி தசமப் புள்ளி அன்று. அத்தியாயத்தையும் பிரிவையும் பிரிக்கும் புள்ளி போன்றது.

கேரளப் பள்ளிகளின் கணிப்பொறிகளில் கட்டற்ற மென்பொருள்களே வழங்கி வருகின்றன. ஐ.டி. அட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கிய திட்டம் 2017இல் கைட் என்னும் நிறுவனமாயிற்று. உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்டு அந்நிறுவனம் உருவாக்கிய இயங்குதளத்தை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளில் நிறுவப் போவதாக 2019இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் 22.04ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பும் வந்தது. இத்தனை கணிப்பொறிகளையும் ஒரே இரவில் மாற்றிவிட இயலாது என்பதை எவரும் ஊகிக்கலாம்.

இனி, ஜிம்ப் மென்பொருளையே உதாரணமாகக் கொண்டு ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். உபுண்டு 18.04உடன் வந்தது ஜிம்ப் 2.8, 22.04உடன் வந்தது 2.10. பழைய பதிப்பில் கருவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே வண்ணச் சின்னங்களாகக் காட்சியளித்தன. 2020 பிப்ரவரியில் வந்த 2.10.18 முதல், ஒத்த வகைக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சின்னத்துக்குள் அடுக்கி வைக்கப்பட்டன. 2.10 வரிசையில் சின்னங்களும் வண்ணம் இழந்து ஒரே நிறமாயின. “நீள்வட்டத் தேர்வுக் கருவியை எடுத்துக்கொள்க” என்று பழைய கையேட்டில் படிக்கும் மாணவி புதிய திரையில் அதைத் தேடினால் காணாள். அது செவ்வகத் தேர்வுக் கருவியின் பின்னே மறைந்திருக்கிறது. அச்சின்னத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் வெளிப்படும். பக்கத்து மேசையில் பழைய பதிப்புள்ள கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் மாணவனுக்கோ அதே வாக்கியம் முற்றிலும் சரியாக இருக்கிறது. ஆசிரியர் யாரைத் திருத்துவது?

இத்தகைய மாற்றம் கண்ணுக்குத் தெரிவது; ஆகவே ஒருவாறு சமாளித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத மாற்றமே அபாயகரமானது. பைத்தான் என்னும் நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பு வரிசையில் 7ஐ 2ஆல் வகுக்கும்படி 7/2 என்று எழுதினால் விடை 3 என்று வரும், மீதி கைவிடப்படும். 2008 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அதே வரிக்கு விடை 3.5. யந்திரம் பிழையென்று எதையும் அறிவிப்பதில்லை. பழைய கையேட்டை நம்பி எழுதியவரின் கணக்கு ஓசையின்றி வேறாகிவிடும். இதே மூன்றாம் பதிப்பில், திரையில் எழுத்தைக் காட்டும் பிரிண்ட் என்னும் கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயமாக்கப்பட்டது. அதை மறந்தால் உடனே பிழை என்று தெரிந்துவிடுகிறது. எனவே அதனால் தீங்கு குறைவு. கையேடு எழுதுவோர் வழக்கமாக இரண்டாவது வகை மாற்றத்தைப் பெரிய எழுத்தில் அறிவித்துவிட்டு, முதல் வகையை ஒரு மூலையில் குறிப்பிடுகிறார்கள். நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறு.

எண்ணிக்கை பெருகும் விதம்

புதிய பதிப்பு வந்ததும் பழைய கையேட்டைத் திருத்திவிட்டால் போதாதா என்று வாசகர்கள் கேட்கலாம். பழைய பதிப்பை உபயோகிப்பவர் எவரும் இல்லையெனில் போதும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளிவருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுகள் திருத்தங்கள் வழங்கப்படுகின்றன. ஆகவே 22.04 வெளிவந்த 2022 ஏப்ரலில், 20.04, 18.04 ஆகிய இரண்டும் உயிருடன் இருந்தன. மூன்று பதிப்பு, நான்கு மொழி எனில் பன்னிரண்டு கையேடுகள். ஒரு கையேட்டில் நாற்பது படங்கள் என்று கொண்டால், திரையின் முன் அமர்ந்து எடுத்துச் சேர்க்க வேண்டிய படங்கள் நானூற்று எண்பது. எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்துவதற்குக்கூட அது எத்தனை கையேடுகளில் உள்ளது என்று முதலில் தேட வேண்டும்.

படங்களைப் பற்றி ஒரு சொல். தொடக்க வகுப்புகளுக்குப் படம் இன்றியமையாதது, மறுப்பதற்கில்லை. ஆனால் வளர்ந்தவர்களுக்கான கையேடுகளில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு படம் என்று நிரப்பும் பழக்கம், எழுதும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காகவே பெரும்பாலும் கைக்கொள்ளப்படுகிறது. “கோப்பு மெனுவில் ஏற்றுமதி என்பதைத் தெரிந்துகொள்க” என்னும் வாக்கியம் பல பதிப்புகளைத் தாண்டி வாழும். அதன் படம், சின்னத்தின் நிறம் மாறினாலே முதுமை எய்திவிடும். இவ்வாக்கியத்துக்கும் ஒரு தொடக்கம் உண்டென்பதையும் கூறிவிட வேண்டும். 2012இல் வெளிவந்த ஜிம்ப் 2.8க்கு முன்பு, ஒரு படத்தை வேறு வடிவக் கோப்பாகச் சேமிப்பதற்கும் சேமி என்பதையே அழுத்தினார்கள். ஏற்றுமதி தனியாகப் பிரிக்கப்பட்டது அப்பதிப்பில்தான்.

சுவடியும் கிளையும்

கிழக்கேகோட்டைக்கு அருகே, கோட்டைப் பகுதியிலுள்ள மாநில அரசின் ஆவணக் காப்பகத்தில் திருவிதாங்கூர் அரசாங்கத்தின் பழைய ஓலை ஆவணங்கள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. 2022 டிசம்பரில் அங்கு ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. ஓலை நைந்து போகும். ஆதலால் சுவடிகளை அவ்வப்போது படியெடுப்பது நம் முன்னோர் வழக்கம். ஒரே நூலின் பல படிகள் கிடைக்கும்போது அவற்றிடையே பாடபேதங்கள் காணப்படுகின்றன. எந்தப் படியிலிருந்து எந்தப் படி எடுக்கப்பட்டது என்று அறிந்தாலன்றி, எது மூலப் பாடம், எது பிற்சேர்க்கை என்று கூற இயலாது. பதிப்பாசிரியர்கள் ஆயுள் முழுவதும் உழைத்தது இவ்வம்சாவளியைக் கண்டறிவதற்கே எனலாம்.

கையேடுகளின் பதிப்புச் சிக்கலும் இத்தன்மையதே. அதைத் தீர்க்க மென்பொருள் எழுதுவோர் கையாளும் சாதனம், படியெடுக்கும்போதே அம்சாவளியையும் எழுதி வைப்பது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் உருவாக்கிய கிட் என்னும் கருவி இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. இதில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு; எவர், எப்பொழுது, எதை மாற்றினார், அதற்கு முந்தைய வடிவம் எது என்பன அக்குறியோடு பிணைந்திருக்கும். ஒரு பதிப்பு வெளியாகும் தறுவாயில் அங்கிருந்து ஒரு கிளை பிரிக்கப்படுகிறது. நடுமரம் அடுத்த பதிப்பை நோக்கி வளர்கிறது. கிளை அப்பதிப்புக்கு மட்டும் உரிய திருத்தங்களைப் பெற்று நிற்கிறது.

கையேட்டின் மூலத்தையும் நிரலின் மூலத்தையும் ஒரே களஞ்சியத்தில் வைத்தால், நிரலுக்குக் கிளை பிரியும்போது கையேட்டுக்கும் கிளை பிரிகிறது. பதிப்பு 18க்கு உரிய கையேடு எதுவென்று பின்னர் எவரும் ஊகிக்க வேண்டியதில்லை. நிரலில் ஒரு பொத்தானை மாற்றுபவர் அதே மாற்றத்துடன் கையேட்டின் வாக்கியத்தையும் மாற்றித் தர வேண்டும் என்று விதி வகுக்கவும் இயலும். விதி வகுப்பது எளிது. நிரல் எழுதுவோர் அதைப் பின்பற்றும்படி செய்வது வேறு காரியம்.

கருவி செய்து தராத வேலை ஒன்று உண்டு. கையேட்டில் பிழை ஒன்று கண்டுபிடிக்கப்படுகிறது. அதை எந்தெந்தக் கிளைகளில் திருத்துவது? எழுத்துப் பிழையாயின் நடுமரத்தில் மட்டும் திருத்தினாலும் பாதகமில்லை. தவறான கட்டளையாயின் உயிருள்ள எல்லாக் கிளைகளிலும் திருத்தியாக வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் திருத்தவும் கூடாது. புதிய பதிப்பில் பிழையாகத் தெரியும் வாக்கியம் பழைய பதிப்பில் சரியானதாக இருக்கலாம். 7/2க்கு விடை 3 என்ற வரியைப் பிழையென்று எண்ணிப் பழைய கையேட்டிலும் 3.5 என்று “திருத்துபவர்” சரியான நூலைக் கெடுத்தவராவார். ஒவ்வொரு கிளையிலும் அந்தப் பதிப்பையே இயக்கிப் பார்த்துத் திருத்துவது தவிர வேறு வழியில்லை.

ஒரே நூலா, பல நூல்களா?

கிளை பிரிக்காமல் ஒரே நூலில் எல்லாப் பதிப்புகளையும் அடக்குவது மற்றொரு முறை. “இவ்வசதி 3.6ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது”, “3.8 முதல் இவ்வாறு மாறியது” என ஆங்காங்கே குறிப்பெழுதுவார்கள். பைத்தான் மொழியின் ஆவணங்கள் இவ்விரு முறைகளையும் இணைத்துக் கையாளுகின்றன: பதிப்புக்கு ஒரு தனித் தொகுதியும் உண்டு; தொகுதிக்குள் எந்த வசதி எப்பொழுது வந்தது என்னும் குறிப்பும் உண்டு. நிரல் எழுதும் நிபுணருக்கு இது சௌகரியமானது. அவர் தமது நிரல் பழைய கணிப்பொறியில் ஓடுமா என்று அறிய விரும்புகிறார். பள்ளி மாணவனுக்கு இது ஒத்துவராது. “உன் கணிப்பொறியில் இன்ன பதிப்பு இருந்தால் இவ்வாறு செய்க, இல்லையேல் அவ்வாறு செய்க” என்று மூன்று முறை படித்த பின் அவன் எதைச் செய்யத் தொடங்கினான் என்பதையே மறந்துவிடுவான். கற்பிக்கும் நூலுக்குத் தனிப் பதிப்பும், எடுத்துப் பார்க்கும் நூலுக்குக் குறிப்புகளும் என்று வகுத்துக்கொள்வது நலம்.

மொழிபெயர்ப்பின் பின்தங்கல்

மூல நூலுக்கும் மென்பொருளுக்கும் இடையே உள்ள தொலைவு ஒன்று. மொழிபெயர்ப்புக்கும் மூல நூலுக்கும் இடையே உள்ள தொலைவு மற்றொன்று. தமிழில் படிப்பவர் இவ்விரண்டையும் சேர்த்துச் சுமக்கிறார்.

இதை எழுதுபவர் ஒருமுறை ஓர் அலுவலகத்தின் வேண்டுகோளுக்கிணங்க அறுபது பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தார். அச்சுப் படி திருத்தப்பட்டு நூல் வெளிவந்த பின்னரே, தமக்குக் கொடுக்கப்பட்ட ஆங்கில மூலம் வழக்கொழிந்த பதிப்புக்கு உரியது என்பது தெரிய வந்தது. மூலத்தின் முகப்பில் பதிப்பு எண் இல்லை. கேட்க வேண்டுமென்று எமக்கும் தோன்றவில்லை. மனுக் கொடுக்க வந்தவர்கள் நூலில் கண்ட வரிசைப்படி கட்டங்களை நிரப்பிவிட்டு, இறுதியில் வராத ரசீதுக்காகக் காத்திருந்தனராம். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லும் பிழையில்லை என்பது அவர்களுக்கு என்ன ஆறுதல் தரும்? அன்று முதல், எந்த மூலத்தின் எந்தத் தேதியிட்ட வடிவம் என்று எழுதித் தராமல் ஒரு பக்கத்தையும் தொடுவதில்லை என்பது எமது வழக்கம்.

இவ்வழக்கத்தை முறையாகச் செயற்படுத்தியிருப்போர் உளர். டெபியன் என்பது உபுண்டுவுக்கு அடிப்படையான இயங்குதளம். அதன் வலைத்தளம் பல மொழிகளில் தொண்டர்களால் மொழிபெயர்க்கப்படுகிறது. ஒவ்வொரு மொழிபெயர்ப்புப் பக்கத்தின் தலைப்பகுதியிலும், அஃது ஆங்கிலப் பக்கத்தின் எந்த வடிவத்திலிருந்து செய்யப்பட்டதோ அதன் அடையாளக் குறி பொறிக்கப்பட்டிருக்கும். ஆங்கிலப் பக்கம் மாறிவிட்டால் இரு குறிகளும் ஒவ்வா. எந்தப் பக்கங்கள் பின்தங்கின என்ற பட்டியலை யந்திரமே தயாரிக்கிறது. மிகவும் பின்தங்கிய பக்கத்தின் மேல், இம்மொழிபெயர்ப்பு காலங்கடந்தது என்னும் எச்சரிக்கையும் தோன்றுகிறது. படிப்பவர் ஏமாறுவதில்லை, மொழிபெயர்ப்பாளருக்கும் எதை முதலில் தொடுவது என்று தெரிந்துவிடுகிறது.

மென்பொருளின் திரையில் தோன்றும் சொற்களை மொழிபெயர்ப்பதற்கு கெட்டெக்ஸ்ட் என்னும் கருவி பரவலாகப் பயன்படுகிறது. இதில் ஆங்கிலத் தொடரும் அதன் தமிழும் இணை இணையாக எழுதப்படும். ஆங்கிலத் தொடர் சிறிது மாறினால், கருவி பழைய தமிழை அழித்துவிடுவதில்லை; ஐயத்துக்குரியது என்று அடையாளமிட்டு வைக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பார்த்து உறுதி செய்யும் வரை அத்தொடர் திரையில் ஆங்கிலத்திலேயே தோன்றும். தவறான தமிழைக் காட்டிலும் சரியான ஆங்கிலம் மேல் என்பது இதன் கொள்கை. கொள்கை ஏற்கத்தக்கதே. ஆனால் அதனால் கையேடு எழுதுபவருக்குப் புதிய தொல்லை விளைகிறது: நூலில் “ஏற்றுமதி” என்று இருக்கும், திரையிலோ அச்சொல் அந்தப் பதிப்பில் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். அடுத்த பதிப்பில் வேறொரு தொண்டர் அதையே “வெளியேற்று” என்று மொழிபெயர்த்திருப்பார். ஆகவே தமிழ்க் கையேட்டாளர் மூன்றைக் கவனிக்க வேண்டியவராகிறார்: மென்பொருளின் பதிப்பு, மூலக் கையேட்டின் வடிவம், அப்பதிப்பின் திரையில் உள்ள தமிழ்ச் சொற்கள். மூன்றையும் நூலின் இரண்டாம் பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில் எழுதிவிடலாம். நான்கு வரிகளுக்கு மேல் ஆகாது. அத்தகைய கட்டம் உள்ள தமிழ்க் கையேடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பழைய கையேட்டை என் செய்வது?

ஒரு பதிப்புக்கு ஆதரவு முடிவுற்றதும் அதன் கையேட்டை அழித்துவிட வேண்டும் என்று சிலர் கூறுகின்றனர். இடம் மிச்சமாகும், குழப்பமும் தீரும் என்பது அவர்கள் வாதம். பைத்தான் இரண்டாம் பதிப்பு வரிசைக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியுடன் முடிவுற்றது. ஆயினும் அதில் எழுதப்பட்ட நிரல்கள் அன்றைக்கே மறைந்துவிடவில்லை. அவற்றைப் புதிய பதிப்புக்கு மாற்றுபவருக்குப் பழைய வரி என்ன பொருளில் எழுதப்பட்டது என்று தெரிய வேண்டும்; பழைய கையேட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு விடை இல்லை.

ஆகவே பழையதை வைத்திருக்க வேண்டும். ஆனால் பழையது பழையதாகவே தெரிய வேண்டும். பைத்தானின் 2.7ஆம் பதிப்புக் கையேட்டின் பக்கங்கள் தோறும், இப்பதிப்புக்கு இனி ஆதரவில்லை என்னும் அறிவிப்பு மேலே காணப்படுகிறது. இணையத்தில் தேடுபவர் நூலின் முகப்பு வழியாக வருவதில்லை; தேடுபொறி அவரை நடுப்பக்கம் ஒன்றில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. அதனால்தான் முகப்பில் மட்டும் எழுதி வைத்த எச்சரிக்கை பயன்படுவதில்லை. அச்சு நூலுக்கும் இது பொருந்தும். பள்ளியில் மூத்த மாணவனின் பாடநூல் இளையவன் கைக்கு வரும்போது அட்டை கிழிந்திருக்கும். முதல் சில தாள்களும் இல்லாதிருக்கக் கூடும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், பக்க எண்ணுக்கு அருகே, “பதிப்பு 22.04க்கு உரியது” என்று சிறிய எழுத்தில் அச்சிடுவதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. அச்சுக் கோக்கும்போதே அவ்வரியை ஒருமுறை அமைத்துவிட்டால் எல்லாப் பக்கங்களிலும் தானாகவே வந்துவிடும்.